சாட்நாவ் வாங்குமுன் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பிரிட்டனுக்குப் புதிதாக வந்து கார் ஓட்டத் தொடங்குபவர்களுக்கு

காரில் வைத்தால் செயற்கைக்கோள் துணையோடு வழி சொல்லும் தனிக்கருவிதான் சாட்நாவ். கடையில் அதைப் பார்க்கிறவர்களின் கண் முதலில் திரைக்குத்தான் போகும். ஐந்து இஞ்சா, ஏழு இஞ்சா, பளிச்சென்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாங்கி இரண்டு மாதம் ஆனதும் வருகிற புகார்கள் வேறு மாதிரி இருக்கும். பிரான்ஸின் கலே துறைமுகம் தாண்டியதும் வரைபடம் வெறுமையாகிவிட்டது, புதுப்பிக்கப் போனால் இடம் போதவில்லை என்கிறது, டிராஃபிக் தகவல் வரவே இல்லை. இந்த மூன்றுக்கும் விடை பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் அதை எப்படிப் படிப்பது, வாங்கிய பின் எப்படிப் பொருத்துவது என்பதுதான் இங்கே விஷயம்.

உங்களுக்கு இது வேண்டுமா?

பலருக்கு வேண்டாம். ஊருக்குள் வேலைக்குப் போய்வருபவருக்குக் கைப்பேசியே போதும். நெரிசல் தகவல் அதில் விரைவாக வரும், வரைபடமும் தானாகப் புதுப்பிக்கப்படும். தனிக்கருவி சிலருக்குத்தான் காசுக்கு ஈடாக உழைக்கும். வேல்ஸ் மலைப்பக்கமோ ஸ்காட்லாந்தின் வட மலைகளுக்கோ அடிக்கடி போகிறவர்கள் அதில் ஒரு பிரிவு. அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் விட்டுவிட்டு வரும். சாட்நாவில் வரைபடம் முழுதும் உள்ளேயே இருப்பதால் சிம்மும் டேட்டாவும் தேவையில்லை. ஓட்டும்போது வேலை அழைப்புகள் வந்துகொண்டே இருப்பவர்கள், காரோடு ஐரோப்பா போகிறவர்கள், வேன், கேரவன், லாரி ஓட்டுபவர்கள் ஆகியோருக்கும் பயன்படும்.

எதை வாங்கினாலும் கையில் பிடிக்கக் கூடாது. 2022 மார்ச் 25 முதல் பிரிட்டனில் சட்டம் கடுமையாகிவிட்டது. ஓட்டும்போது கைப்பேசியையோ தகவல் அனுப்பிப் பெறும் வேறு கருவியையோ கையில் எடுத்தால், சிக்னலில் நிற்கும்போது எடுத்தாலும், 200 பவுண்ட் அபராதமும் 6 பெனால்டி புள்ளிகளும் விழும். ஓட்டுரிமம் வாங்கி இரண்டு ஆண்டு முடியாதவருக்கு 6 புள்ளி என்றால் உரிமமே போய்விடும். ஆகவே தாங்கியில் உறுதியாக நிற்பதைக் கருவியின் ஒரு பாகமாகவே நினையுங்கள்.

ஓட்டுநர் தேர்வுக்காக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 டிசம்பர் 4 அன்று தேர்வில் சாட்நாவைப் பின்தொடர்ந்து ஓட்டும் பகுதி சேர்க்கப்பட்டது. கருவியைத் தேர்வாளரே கொண்டுவந்து பாதையை அமைத்துத் தருவார், நீங்கள் அதைத் தொட வேண்டியதில்லை. திருப்பத்தைத் தவறவிட்டால் அது பிழையாகாது. தவறவிட்ட பதற்றத்தில் கண்ணாடி பார்க்காமல் தடம் மாறினால்தான் பிழை. பயிற்சிக்குக் கைப்பேசியும் தாங்கியும் போதும்.

எந்த நாட்டு வரைபடம்?

ஒரே மாடல் இரண்டு பெட்டிகளில் வரலாம்: ஒன்றில் யுகே, அயர்லாந்து மட்டும், மற்றதில் முழு ஐரோப்பா. விலை வித்தியாசம் சிறியதாக இருக்கும்போது பெரியதையே எடுத்துவிடுங்கள். பாரிஸ் லா சப்பேல் கடைத்தெருவுக்கோ, ஜெர்மனி ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கோ, சுவிஸில் ஒரு கலியாணத்துக்கோ வருடம் ஒருமுறையாவது போகிற குடும்பம் என்றால் யோசிக்கவே வேண்டாம். பிறகு தனியாக வரைபடம் வாங்கினால் கருவியின் விலையை எட்டிப் பிடிக்கும்.

பெரிய வரைபடம் என்றால் நினைவகத்தையும் பாருங்கள். உள்நினைவகம் குறைந்த மலிவு மாடல்களில் இரண்டு வருடம் கழித்து முழு ஐரோப்பாவும் உள்ளே கொள்ளாது. வரைபடம் ஒவ்வொரு பதிப்பிலும் வளரும், உள்நினைவகம் வளராது. அப்போது புதுப்பிக்கும் மென்பொருள் ‘ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடு’ என்று நிற்கும். மெமரி கார்டு போடும் துளை இருந்தால் கவலை தீர்ந்தது. 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று போதும். பல கருவிகள் அதற்கு மேல் உள்ள கார்டுகளை ஏற்காது. துளை இல்லாத கருவியில் குறைந்தது 16 ஜிபி உள்நினைவகம் வேண்டும்.

‘லைஃப்டைம் மேப்ஸ்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த ஆயுள் உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கருவிக்குப் புதுப்பிப்பு தர நிறுவனம் தயாராக இருக்கும் வரைதான் ஆயுள். சந்தைக்கு வந்து பல வருடமான மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் மிச்ச ஆயுள் குறைவு. ‘லைஃப்டைம்’ என்ற சொல்லே இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வரைபடத்தோடு சரி.

பழைய வரைபடத்தால் என்ன வந்துவிடும் என்பவர்களுக்கு வேல்ஸ் நல்ல உதாரணம். 2023 செப்டம்பர் 17 அன்று அங்கே குடியிருப்புப் பகுதிச் சாலைகளின் பொது வேக வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைந்தது. அதற்கு முந்தைய வரைபடம் உள்ள கருவி இன்றும் திரை ஓரத்தில் 30 என்று காட்டும். அதை நம்பி ஓட்டினால் அபராதம் உங்கள் பெயருக்குத்தான். லண்டனின் யூலெஸ் மாசுக் கட்டண எல்லையும் அப்படியே. 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (மாநகரின் நிர்வாகப் பகுதிகள்) விரிந்துவிட்டது. பழைய கருவிக்கு அது தெரியாது. தரம் எட்டாத பழைய டீசல் கார் வைத்திருப்பவருக்கு நாள் ஒன்றுக்கு 12.50 பவுண்ட்.

டிராஃபிக் தகவல் எப்படி வருகிறது?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. பெட்டியில் ‘டிராஃபிக்’ என்ற ஒரே சொல் இருக்கும், அதற்குப் பின்னால் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கலாம்.

முதலாவது, மின்கம்பிக்குள்ளேயே இருக்கும் வானொலி அலைவாங்கி (ரிசீவர்). கம்பியின் நடுவிலோ சிகரெட் லைட்டர் முனையிலோ சற்றுத் தடித்த ஒரு உருண்டை இருக்கும், அதுதான் அலைவாங்கி. அந்தக் கம்பி தொலைந்து, கடையில் மலிவாகக் கிடைத்த சாதாரணக் கம்பியைச் செருகினால் கருவி ஓடும், டிராஃபிக் மட்டும் வராது. ஏன் வரவில்லை என்று திரையும் சொல்லாது. இன்னொரு விஷயம்: கார்மின் நிறுவனத்தின் பல மாடல்களில் டேட்டா கம்பியைச் செருகினால், கருவி கணினியோடு இணைந்துவிட்டதாக நினைத்துக் கணினிப் படத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும். பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. குற்றம் கம்பியில்.

இரண்டாவது, ‘வயா ஸ்மார்ட்போன்’. கைப்பேசியில் அந்த நிறுவனத்தின் செயலியைப் போட்டு, புளூடூத்தில் இணைத்து, உங்கள் டேட்டாவில் தகவல் வரவழைப்பது. கைப்பேசியைத் தொடாமல் இருக்கத்தான் சாட்நாவ் வாங்கினோம் என்பவருக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் இப்போது பரவலாக வருவது இதுவே. சில கைப்பேசிகள் மின்கலத்தைச் சேமிக்க அந்தச் செயலியைப் பின்னணியில் உறங்கவைத்துவிடும். அமைப்புகளில் போய் அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தால்தான் இணைப்பு நிற்கும். ஐரோப்பாவில் ரோமிங் கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, கருவிக்குள்ளேயே சிம் இருப்பது. மூன்றிலும் நிம்மதியானது இதுதான், விலையும் கூட. எத்தனை வருடம் அந்தச் சேவை இலவசம் என்பதைப் பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள்.

திரையும் தேடலும்

ஐந்து இஞ்ச் திரை சின்னக் காருக்குப் போதும். ஆறு இஞ்ச் கண்ணுக்கு இதம். ஏழும் எட்டும் வேன், கேரவன் போன்ற உயரக் கண்ணாடி வண்டிகளுக்கு. சின்னக் காரில் வைத்தால் இடதுபக்கம் வரும் சைக்கிளையே மறைத்துவிடும். மலிவுத் திரைகள் சில அழுத்தினால்தான் கேட்கும், கைப்பேசிபோல் லேசாகத் தொட்டால் கேட்காது. அது குறை மாதிரித் தோன்றும், குளிர்காலத்தில் கையுறையோடு தொடும்போது அதுவே வசதி.

கடையில் மாதிரிக் கருவி இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் வீட்டு முழு போஸ்ட்கோடைப் போடுங்கள். கடைசி இரண்டு எழுத்து வரை ஏற்று, பிறகு வீட்டு எண்ணையும் கேட்டால் நல்லது. ஒரு போஸ்ட்கோடில் சராசரியாகப் பதினைந்து முகவரிகள் அடங்கும். நகரத்தில் அது ஒரு தெருத்துண்டு. கிராமத்தில் வயலுக்கு நடுவே ஒன்றரை மைலாகக்கூட இருக்கலாம், எண் இல்லாமல் போனால் யாருடைய பண்ணை வாசலிலோ நிற்பீர்கள். அயர்லாந்து போகிறவர்கள் அந்நாட்டு அஞ்சல் குறியீடான ஏர்கோடை ஏற்கிறதா என்றும் பாருங்கள். 2015-இல் வந்த அந்தக் குறியீடு ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி. பழைய வரைபடங்களுக்கு அது தெரியாது.

முகவரி இல்லாத இடத்துக்கு ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) போடும்போது ஒரு பொறி உண்டு. கைப்பேசி வரைபடம் 51.50 என்று தசமத்தில் தரும். கருவி பாகை, நிமிடம் என்ற முறையில் இருந்தால் அதையே 51 பாகை 50 நிமிடம் என்று போட்டுவிடுவோம். அரைப் பாகை என்பது 30 நிமிடம். ஆக 20 நிமிடம் கூடிவிட்டது. ஒரு நிமிடம் வடக்கு தெற்கில் 1.852 கிலோமீட்டர். மொத்தம் 37 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்போம். கருவியின் அமைப்பில் முதலில் தசம முறையை வைத்துவிட்டுப் போடுங்கள்.

வேன், கேரவன், லாரி

கார் சாட்நாவுக்கு வண்டியின் உயரம் தெரியாது. தாழ்ந்த ரயில் பாலத்துக்கு அடியில் அது கூசாமல் அனுப்பும். உயரம், அகலம், எடை கேட்கும் தனி மாடல்களைத்தான் வாங்க வேண்டும். கார்மினில் கேரவனுக்கும் லாரிக்கும் தனித்தனி வரிசைகள் உண்டு. உயரத்தை ஆவணத்திலிருந்து எடுக்காமல் டேப் வைத்து அளந்து போடுங்கள். கூரைமேல் இருக்கும் பெட்டி, ஏணி, ஏசி எல்லாம் சேர்த்து.

அளவைப் போடும்போது நடக்கும் தவறு: 13 அடி 11 அங்குலத்தை 13.11 என்று போடுவது. கருவி தசம அடியில் கேட்டால் 13.11 என்பது 13 அடி ஒரு அங்குலம்தான். பத்து அங்குலம் காணாமல் போய்விட்டது. அந்தப் பத்து அங்குலத்தைப் பாலம் கண்டுபிடித்துக் கொடுக்கும். மீட்டரில் போடுவது பாதுகாப்பானது. எந்தக் கருவியாக இருந்தாலும் பாலத்தில் இருக்கும் பலகைக்குத்தான் மதிப்பு.

பொருத்துவது

உறிஞ்சுப்பிடி கண்ணாடியிலிருந்து நடுவழியில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலம். சாதாரணத் துணியால் துடைத்தால் போகாது. ஆல்கஹால் துடைப்பானால் அந்த வட்டத்தைத் துடைத்து, காயவிட்டு, பிடியை வைத்து நடுவில் அழுத்தியபடி நெம்புகோலை மடக்குங்கள். குளிர் நாளில் பிடியின் ரப்பர் விறைத்திருக்கும். ஹீட்டர் காற்றை ஐந்து நிமிடம் கண்ணாடிமேல் விட்டுப் பிறகு ஒட்டினால் பிடிக்கும்.

இடம்: வலதுபக்கம் ஓட்டுநர் அமரும் காரில் கண்ணாடியின் கீழ் வலது மூலை, அல்லது டாஷ்போர்டின் நடுப்பகுதியில் தாழ்வாக. பார்வைக்கு நேரே வைத்தால் போலீஸ் நிறுத்தலாம். ஏர்பேக் மூடிக்கு முன்னால் வைத்தால், அது வெடித்து விரியும்போது கருவி முகத்துக்கு வரும். கம்பியை கியர் பக்கம் தொங்கவிடாமல் டாஷ்போர்டு விளிம்பு வழியாக ஓட்டிவிடுங்கள்.

சில கார்களின் முன்கண்ணாடியில் வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது செயற்கைக்கோள் சிக்னலையும் தடுக்கும். திறந்த வெளியில் நின்றும் சிக்னல் வரவில்லை, கருவியை வெளியே நீட்டினால் உடனே வருகிறது என்றால் காரணம் இதுதான். அத்தகைய கண்ணாடியில் பின்பார்க்கும் கண்ணாடியை ஒட்டிப் பூச்சு இல்லாத ஒரு திட்டு விட்டிருப்பார்கள். காரின் கையேட்டில் அந்த இடம் குறித்திருக்கும்.

வண்டியை நிறுத்திப் போகும்போது கருவியோடு தாங்கியையும் கழற்றி, கண்ணாடியில் பதிந்த வட்டத்தையும் துடைத்துவிடுங்கள். திருடனுக்கு அந்த வட்டம் ஒரு விளம்பரப் பலகை. கோடையில் மூடிய காருக்குள் விடுவது இன்னொரு வகையில் கெடுதி. சூட்டில் உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் உப்பித் திரையைத் தூக்கிவிடும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் லைட்டர் துளையில் மின்சாரம் நிற்காது. கருவி செருகியே கிடந்தால் கார் பேட்டரி மெல்ல இறங்கும். சார்ஜ் ஏறவில்லை என்றால் கம்பியைத் தூக்கி எறிவதற்கு முன் பிளக்கின் முனையைத் திருகிப் பாருங்கள். பல பிளக்குகளில் உள்ளே ஒரு சிறு ஃபியூஸ் இருக்கும், அதே அளவில் புதியது சில பென்ஸ்தான்.

முதல் நாள்

முதலில் புதுப்பித்துவிடுங்கள். புதுப் பெட்டியில் இருக்கும் வரைபடமும் பல மாதம் பழையதாக இருக்கும். வைஃபை உள்ள கருவியை வீட்டு வைஃபையில் இணைத்து, மின்சாரத்தில் செருகி இரவு விட்டுவிடலாம். வைஃபை இல்லாததை, நிறுவனத்தின் மென்பொருளைக் கணினியில் போட்டு இணைக்க வேண்டும். சில மணி நேரம் பிடிக்கும். நடுவில் கம்பியைப் பிடுங்கினால் வரைபடமே இல்லாமல் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. பயணத்துக்கு முந்தின இரவு இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, வானம் தெரியும் இடத்தில் காரை நிறுத்திக் கருவியைப் போட்டுப் பொறுமையாக இருங்கள். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தங்கள் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகின்றன. ஒரு கோளின் விவரம் முழுதாக வர 30 நொடி, எல்லாக் கோள்களின் பட்டியலும் வர பன்னிரண்டரை நிமிடம். இடம் கணிக்க நான்கு கோள்களாவது வேண்டும். முதல்முறை கட்டிடங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டே தேடவிட்டால் சிக்னல் அறுந்து அறுந்து நேரம் இழுக்கும். அடுத்தடுத்த நாள்களில் சில நொடியில் பிடித்துவிடும்.

அமைப்புகளில் மாற்ற வேண்டியவை: தூரத்தை மைலுக்கு மாற்றுங்கள். பாதை ‘வேகமானது’ என்று இருக்கட்டும். ‘குறுகியது’ என்று வைத்தால் பத்து யார்டு மிச்சம் பிடிக்க ஒற்றைத் தடக் கிராமச் சந்துக்குள் இழுத்துச்செல்லும். மண்சாலையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ‘ஹோம்’ என்பதில் சொந்த வீட்டைப் போடாமல் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தைப் போடுங்கள். கருவி திருடுபோனால், நீங்கள் வீட்டில் இல்லை என்று தெரிந்த ஒருவர் கையில் முகவரியும் போகக் கூடாது.

திரையில் தெரியும் வேகம் காரின் முள்ளைவிடக் குறைவாக இருக்கும். பயப்பட வேண்டாம். காரின் மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டக் கூடாது என்பது விதி, அதனால் நிறுவனங்கள் சற்றுக் கூட்டியே வைக்கும். சீரான வேகத்தில் போகும்போது சாட்நாவ் சொல்வதுதான் உண்மைக்குக் கிட்ட.

கடல் தாண்டும் முன்

வேகக் கேமரா எச்சரிக்கையை அணையுங்கள். பிரிட்டனில் அது சட்டப்படி சரி. பிரான்ஸ் 2012 முதல் கேமரா இருக்கும் துல்லிய இடத்தைக் காட்டுவதைத் தடுக்கிறது, ‘ஆபத்துப் பகுதி’ என்று பொதுவாகக் காட்டலாம். ஜெர்மனியில் ஓட்டும்போது அந்த வசதியைப் பயன்படுத்தக் கூடாது. சுவிஸ் இன்னும் கடுமை, கருவியையே பறிமுதல் செய்ய முடியும். ஃபோக்ஸ்டனில் காரை ஏற்றிக் கடலடிச் சுரங்கம் வழியாகப் பிரான்ஸ் போகும் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதையும் வேக அலகையும் மாற்றிவிடலாம். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு வருடக் கட்டண ஒட்டு (விக்னெட்) வாங்கியவர்கள் ‘கட்டணச் சாலை தவிர்’ என்பதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காசு கட்டிய நெடுஞ்சாலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றும்.

பழையது வாங்கினால்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தேதியை வாரங்களாக எண்ணி அனுப்பும், அந்த எண்ணிக்கை 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6. அதற்கு முன் நின்றுபோன மென்பொருள் உள்ள கருவிகள் சில தேதியைத் தப்பாகக் காட்டும், வந்துசேரும் நேரமும் குழம்பும். விற்பவரிடம் கருவியை வெளியே கொண்டுவரச் சொல்லித் தேதி, நேரம் பாருங்கள். கம்பியைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரமாவது தாங்குகிறதா பாருங்கள். மாடல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, இன்னும் புதுப்பிப்பு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புதிதாக இணையத்தில் வாங்கினால் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது, கடையின் சொந்த விதிதான். அந்த 14 நாளில் மூன்று ஓட்டம் ஓட்டிப் பாருங்கள்: நன்றாகத் தெரிந்த ஒரு வழி, நெரிசல் நேரத்தில் ஒரு மோட்டார்வே, இருட்டிய பிறகு ஒரு கிராமச் சாலை. தெரிந்த வழியில் அது சொல்லும் பாதை முட்டாள்தனமாக இருக்கிறதா, மோட்டார்வேயில் தடம் மாறச் சொல்வது வெளியேறும் பாதைக்கு ஒரு மைல் முன்பே வருகிறதா, இரவில் திரை மங்கிக் கண்ணைக் கூசாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். பெட்டியையும் பொடி எழுத்துத் தாளையும் அதுவரை கிழிக்க வேண்டாம்.